ஒரு மங்கு பால்

போன வாரம் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக் களத்தில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி, சயாமுக்குப் போக வேண்டியவர்களின் பெயர்களை வாசித்தபோது நவமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள் அல்லவா? உட்கார்ந்தவள் எழுந்துவிட்டாள். எழுந்திருக்காமல் என்ன செய்வது? அடுப்பு இருக்கிறது, ரப்பர் மரத்துப் பால்வெட்டு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் காடி இருக்கிறது.

இருபத்தோராவதாக வாசித்த பெயர் அவளுடைய தம்பி குழந்தைவேலுவின் பெயர். சனிக்கிழமை காலை லாரி வரும். ஏறினால், எல்லைக்கு அந்தப் பக்கம் சயாம். அங்கே ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாத வேலைதானாம். நான்கு மாதத்துக்கு முன்னால் போன முதல் கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒரு வரி கடுதாசியும் இல்லை.

அவளுடைய புருஷன் அழகேசனின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு ஒரே காரணம் காடி, துரையின் மோட்டார் கார்.

வெள்ளைக்காரத் துரை பெரிய காடியில் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஓடியபோது, இந்தச் சின்னக் கறுப்புக் காடியைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். பிறகு வந்த ஜப்பான் துரை அதைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற டிரைவர் அழகேசனைப் பார்த்தார், இரண்டையும் வைத்துக்கொண்டார். காடி ஓடுகிறவரையில் அழகேசன் தோட்டத்தில் இருப்பான். இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் பாடாங் மேஹா பக்கத்தில் இருக்கிற அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அழகேசன் அந்தக் காடியைப் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்லி முடியாது. விடியுமுன் எழுந்து ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைப்பான். டயரைக் காலால் அழுத்திப் பார்ப்பான். கிரீஸ் கிடைக்காததால் கீல்களுக்குத் தேங்காயெண்ணெய் போடுவான். எலி வந்து ஒயரைக் கடிக்கக் கூடாது என்று பானெட்டுக்குக் கீழே வேப்பிலைகூடச் செருகி வைப்பான். கட்டின பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால், "செத்த படு" என்று ஒரு வார்த்தையோடு சரி. காடி ஒரு தரம் இருமினால் மூன்று நாளைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. சோறு என்பது ஒரு பேச்சுக்கு. எல்லார் வீட்டிலும் மரவள்ளிக்கிழங்குதான்.

ஜப்பான் துரை வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் காடியில் ஏறுவார். ஏறுவதற்கு முன்னால் ஒரு விரலை மட்கார்டில் ஓட விடுவார். விரலில் அழுக்கு ஒட்டினால் அதே கையால் ஓர் அறை. இத்தனை மாதத்தில் அழகேசன் ஒரே ஒருமுறைதான் அடி வாங்கியிருக்கிறான். அவன் கவனிப்புக்கு அதுவே சாட்சி.

ஆனால் வயசான காடிக்கு எத்தனை நாள்தான் முட்டுக் கொடுப்பது? ஒரு வாரமாக ரேடியேட்டர் ஒழுகுகிறது. முன்பெல்லாம் சவுக்காரத்தைப் பிசைந்து அடைத்துவிடுவான். இப்போது சவுக்காரத்துக்கு எங்கே போவது? சாம்பலும் எண்ணெயும் கலந்து தொழிலாளர் லயத்துப் பெண்கள் காய்ச்சுகிற கட்டி தண்ணீர் பட்டதும் கரைந்து போகிறது.

நேற்று துரை காடிக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீரைப் பிரம்பால் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னார். கிராணி பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டே அதைத் தமிழில் சொன்னார்.

"நாளைக்கும் சொட்டுனா வேற டிரைவர் பாத்துக்குவாராம், அழகேசா. உன்னை லாரியில ஏத்திடுவாராம்."

இன்று செவ்வாய்க்கிழமை. துரை பட்டியலை எடுத்துக்கொண்டு பண்டார் பாரு டவுனுக்குப் போகிறார். பதினொரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

காலையில் வெட்டை முடித்து, பால் வாளியோடு நவமணி கொட்டகைக்கு வந்தபோது அழகேசன் காடிக்கு அடியில் படுத்திருந்தான்.

"சொட்டுதாங்க?"

"நின்ன மாதிரிதான் இருக்கு." வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டான். கண்ணில் தூக்கம் இல்லாத சிவப்பு. "நான் ஸ்டோருக்குப் போய் எண்ணெ வாங்கிட்டு ஓடியாறேன். நீ மட்கார்ட்ட ஒருவாட்டி தொடச்சு வை."

"நான் தொடச்சா கோடு விழும்பீங்களே?"

"இன்னிக்கு விழாது. தொடச்சிடு."

அவன் போனான். அவள் துடைத்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். செம்மண் தரையில் ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது.

நவமணி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற பெண் இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பால்மரம் வெட்டுகிறவள். வாளி ஓட்டையானால் வெட்டுக்காரிகள் கிராணியைத் தேடிப் போவதில்லை. துணியைக் கிழித்து, கித்தாப்பாலில், அதாவது ரப்பர்ப் பாலில், முக்கி, ஓட்டைமேல் அப்பி, அதன்மேல் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை இழுத்துக் கட்டிவிட்டு அடுத்த மர நிரைக்குப் போய்விடுவார்கள். அந்த வாளி ஆறு மாதம் உழைக்கும்.

தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்தாள். ரேடியேட்டரின் அடிமூலையில் தண்ணீர் கசிந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். பாலை அப்பி, துணியை வைத்து, ஒட்டுப்பாலைச் சுற்றி இறுக்கினாள். வாயால் ஊதினாள். முறத்தால் விசிறினாள். சொட்டு நின்றது!

அத்தோடு விட்டிருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. நவமணிக்கு மனசு அடங்கவில்லை. வெளியே மட்டும் ஒட்டினால் போதுமா? மேடு பள்ளத்தில் குலுங்கினால் பிய்த்துக்கொள்ளாதா? உள்ளேயும் கொஞ்சம் ஊற்றினால், பால் தானாகவே ஓட்டையைத் தேடிப் போய் அடைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. மூடியைத் திருகினாள். வாளியிலிருந்து, மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணத்தால் ஒரு மங்கு பால் மொண்டு ரேடியேட்டருக்குள் ஊற்றினாள். மூடியைத் திருப்பிப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

அழகேசன் எண்ணெயோடு திரும்பி வரும்போதே துரையும் கிராணியும் அவனுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். துரை முன்னால் புருஷனிடம் வாயைத் திறக்க முடியுமா? நவமணி ஒதுங்கி நின்றாள்.

வெள்ளை விரல் மட்கார்டில் ஓடியது. சுத்தம். துரை குனிந்து அடியில் பார்த்தார். அழகேசன் கண்ணை மூடிக்கொண்டான். தரையில் ஒரு சொட்டு இல்லை. துரை தொண்டைக்குள் ஏதோ உறுமிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அழகேசன் தரையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவன் முகம் தெளிந்தது. சாயந்திரம் அவன் வந்ததும் விஷயத்தைச் சொல்லி, அவன் ஆச்சரியப்படுவதை வேடிக்கை பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

காடி போன பத்து நிமிஷத்தில் குழந்தைவேலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். டயர் கிடைக்காமல் சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்த சைக்கிள். இருபத்திரண்டு வயதுப் பையன் நாலு நாளில் நாற்பது வயது ஆள் மாதிரி ஆகியிருந்தான்.

"அக்கா, பெண்டாங் பக்கம் வயக்காட்டுல போய் ஒளிஞ்சிக்கலாம்னு பாக்கிறேன்."

"ஒளிஞ்சா? உனக்குப் பதிலா யாரப் புடிப்பாங்க? மச்சானத்தான்."

"தெரியும்க்கா. அதான் போகாம நிக்கிறேன்."

அவளுக்குத் தாங்கவில்லை. அவன் மனசைக் கொஞ்சம் மாற்றலாம் என்று, காலையில் செய்த கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னாள். துணி கட்டியதைச் சொன்னபோது அவன் தலையாட்டினான். குலிமில் ஒரு லாரிப் பட்டறையில் இரண்டு வருஷம் கையாளாக வேலை பார்த்தவன், இதெல்லாம் அவனுக்குப் புரியும். ஒரு மங்கு பால் ஊற்றியதைச் சொன்னபோது சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டான்.

"உள்ளயா? ரேடியேட்டர் உள்ளயா ஊத்துன?"

"ஏன்டா?"

"தண்ணி கொதிச்சா பால் கட்டிப் போயிடும்க்கா. குழாயெல்லாம் அடச்சுக்கும். காடி நடுரோட்டுல நிக்கும்."

"நின்னா?"

"மூடியத் தொறந்து பாப்பாங்க. உள்ள கித்தா கெடந்தா, வேணும்னே ஊத்துனதுன்னுதான் நெனப்பாங்க. யாரு ஊத்துனதுன்னா கேப்பாங்க? டிரைவர்தான்னு சொல்லிடுவாங்க."

போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் லாரி டாங்கியில் மண் போட்டான் என்று ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. சயாமாவது தேவலை.

"ஏறு, சைக்கிள்ல ஏறு!" என்றாள் நவமணி. அவன் மிதித்தான், அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். குழாய் சுற்றிய சக்கரம் கல்லில் கடகடவென்று அடித்தது. மேடு வந்தால் இறங்கி ஓடினாள், இறக்கத்தில் தாவி ஏறினாள். என் புருஷனை நானே கொன்றுவிட்டேனே என்று வழியெல்லாம் வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தாள். தம்பி மூச்சு வாங்க மிதித்தான்.

நாலாவது மைல் கட்டையில், பாலத்துக்கு இந்தப் பக்கம் காடி நின்றுகொண்டிருந்தது.

பானெட் திறந்திருந்தது. வெண்புகை எழுந்தது. துரை ஒரு மரத்தடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிராணி பரஞ்சோதி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நடுவில் நின்றார். அழகேசன் ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு ரேடியேட்டர் முன்னால் காத்திருந்தான். கொதிக்கிற ரேடியேட்டரை ஆறாமல் திறக்கக் கூடாது என்பது அவனுக்கு வேதம்.

சைக்கிள் சத்தம் கேட்டுத் திரும்பினான். நவமணியின் முகத்தைப் பார்த்தான். பிறகு ரேடியேட்டரின் பக்கக் குழாயில், தண்ணீர் வழிகிற வாயில், வெள்ளையாக ஒரு நூல் தொங்குவதைப் பார்த்தான். பத்து வருஷம் கூட வாழ்ந்தவன். அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

துரை பொறுமையிழந்து காடியை நோக்கி நடந்து வந்தார்.

"தொறக்கச் சொல்றாரு அழகேசா, சீக்கிரம்," என்றார் கிராணி.

இன்னும் நாலு எட்டு. வந்து எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. அழகேசன் மூடியைத் திருகினான். சீறிக்கொண்டு ஆவி வந்தது. துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கினார். அந்த ஒரு கணத்தில் அழகேசன் வெறும் வலது கை விரல்களைக் கொதிநீருக்குள் விட்டு, வாயில் திரண்டு நின்ற கித்தாக் கட்டியைப் பிடுங்கி எடுத்தான். நூலையும் சேர்த்துச் சுருட்டி முஷ்டிக்குள் மூடிக்கொண்டான்.

அவன் அலறவில்லை. அலறியது நவமணி.

"ஆவி அடிச்சிருச்சிங்க, கிராணி ஐயா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒண்ணுமில்ல. குழாய்ல பாசி அடச்சிருக்கு. ஆறுனா ஓடும்."

மூடிய கையைத் துணிக்குள் சுற்றிக்கொண்டான். துணிக்குள்ளே சூடு ஆறாத ரப்பர் உள்ளங்கையைத் தின்றுகொண்டிருந்தது என்று அவன் நெற்றி நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது. அவன் கையை விரிக்கவில்லை.

குழந்தைவேலு அதற்குள் காடியிடம் போய்விட்டான். "நான் பாக்கிறேன் மச்சான், நீங்க நவுருங்க" என்று உடம்பாலேயே துரைக்கு மறைத்துக்கொண்டு நின்றான். அடிக்குழாயைக் கழற்றினான், கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தான். வந்ததை எல்லாம் காலுக்குக் கீழே சேற்றில் போட்டு மிதித்தான். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து மறுபடி மறுபடி ஊற்றி அலசினான். அரைமணியில் காடிக்கு உயிர் வந்துவிட்டது. இருமிக்கொண்டுதான், ஆனால் உயிர் வந்துவிட்டது.

துரை அழகேசனிடம் வந்து துணியைப் பிரம்பால் விலக்கினார். நல்லவேளை, கையை நனைக்கிற சாக்கில் அவன் அதற்குள் கட்டியை ஓடையில் விட்டிருந்தான். உள்ளங்கையில் தோல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. விரல்கள் வீங்கி மடங்க மறுத்தன. துரை குழந்தைவேலுவைக் காட்டி ஏதோ கேட்டார்.

"காடி ஓட்டத் தெரியுமான்னு கேக்கிறாரு," என்றார் கிராணி.

"லாரி ஓட்டியிருக்கேங்க," என்றான் குழந்தைவேலு. சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவனுக்கே புரிந்த மாதிரி இருந்தது.

துரை தோல்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். அவன் பெயரைக் கேட்டு, வரிசையில் விரலை ஓட்டிக் கண்டுபிடித்தார். நவமணி அந்த விரலையே பார்த்தாள். பெயரை அடித்துவிடுவாரா? அடித்துவிட்டால் தம்பி பிழைப்பான்!

அவர் அடிக்கவில்லை. கிராணியிடம் நிதானமாகப் பேசினார். பரஞ்சோதி அதைத் தமிழில் சொல்லும்போது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தலைக்கணக்கு கொறையக் கூடாதாம். காடிக்கு ஒரு ஆளுதான் வேணுமாம். சனிக்கிழம காலையில கொட்டகையில ரெண்டு பேரும் நிக்கணும். அழகேசன் கை ஸ்டீரிங்கப் புடிச்சா, பழையபடி அழகேசன் ஓட்டுவான், வேலு லாரியில ஏறுவான். புடிக்கலன்னா வேலு ஓட்டுவான், அழகேசன் ஏறுவான்."

"கை வெந்தவரு அங்க போய் என்னங்க வேலை செய்வாரு?" என்றாள் நவமணி. அவளுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ!

கிராணி அதை மொழிபெயர்த்தார். துரை ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

"மண்ணு சுமக்கத் தலை போதுமாம்மா," என்றார் கிராணி.

காடி புறப்பட்டது. குழந்தைவேலு ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகவே பார்த்தான். அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் நடந்தார்கள். ஒரு கட்டை தூரம் போனதும் நவமணி சைக்கிளை நிறுத்தினாள்.

"நாந்தாங்க ஊத்துனேன்," என்றாள்.

"தெரியும்."

"உங்களக் காப்பாத்தணும்னுதான்..."

"தெரியும் நவமணி. இத யாருகிட்டயும் சொல்லாத. கிராணிகிட்டகூட."

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அறிவு கெட்டவளே" என்று ஒரு வார்த்தை. அவன் திட்டவில்லை. வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, ரோட்டோரத்து நிழலாகப் பார்த்து நடந்தான். அவளுக்குத் தன் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து வாழைக்குருத்தைக் கையில் சுற்றிவிட்டாள். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு இல்லை, இருந்ததெல்லாம் காடியின் கீல்களுக்குப் போயிருந்தது. அழகேசன் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவள் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தாள். கிழங்கை அவிக்க வைத்தாள், அது அடிப்பிடித்தது. புதன், வியாழன், வெள்ளி. நடுவில் மூன்று நாள். அதற்குள் தோல் சேருமா? சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோயில் பக்கம் திரும்பினால் தம்பியின் முகம் வருகிறது. சேர வேண்டாம் என்று நினைப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். எந்தச் சாமியிடம் போய் என்னவென்று கேட்பாள்?

வெயில் சாய்கிற நேரத்தில் காடி தோட்டத்துக்குள் வரும் சத்தம் கேட்டது. இருமல் இல்லை. வழியில் நன்றாகவே பார்த்திருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் குழந்தைவேலு வாசலில் வந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பியை எடுத்து நீட்டினான்.

"பண்டார் பாருல ஜக்கரியா பாய் கடையில வாங்குனேன்க்கா. சண்டைக்கு முந்திய களிம்பாம். ஒளிச்சு வச்சிருந்தாரு. வெந்த புண்ணு ரெண்டே நாள்ல காஞ்சிடும்னாரு."

"காசு ஏதுடா?"

"சைக்கிளக் குடுத்துடுறேன்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு வந்து எடுத்துக்குவாரு. இனிமே எனக்கு எதுக்கு?"

நவமணி டப்பியை வாங்கிக்கொண்டாள். அவளால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"சாப்டுட்டுப் போ."

"வேணாம்க்கா. காடியத் தொடைக்கணும். காலையில கையுறையப் போட்டுக்கிட்டு வந்துருவாரு."

நாலு எட்டு போனவன் நின்றான். திரும்பி வந்தான்.

"அக்கா, மச்சான் கை ரொம்ப மோசமா?"

மச்சானுக்காகத்தான் கேட்டான். பிள்ளையிலிருந்தே அவன் மனசு அப்படி. ஆனால் கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றானே, அந்தப் பார்வையில் என்ன பதிலுக்குக் காத்திருந்தான் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒருவேளை அவனுக்கே விளங்கியிருக்காது.

"தெரியலடா," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனான்.

உள்ளே அழகேசன் எழுந்து உட்கார்ந்திருந்தான். வாசலில் பேசியது அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கும், அந்த வீட்டுக்குச் சுவர் அவ்வளவுதான். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாழைக்குருத்தைத் தானே பிரித்துவிட்டு, கையை அவள் பக்கம் நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நவமணி டப்பியைத் திறந்தாள். களிம்பை விரலில் எடுத்தாள். எடுத்த விரல் அங்கேயே நின்றது.